பெரிய மார்க்கெட்டும் மஞ்சள் கடுதாசியும்

வியாபாரம் நொடித்துப் போனவனைப் பற்றிப் பேச நம்மிடம் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. "தலையில துண்டு போட்டுக்கிட்டான்" என்போம். "மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டான்" என்போம். கொஞ்சம் கோர்ட் வாசல் மிதித்தவர்கள் "ஐ.பி. போட்டுட்டான்" என்பார்கள். திவால் மனுவுக்கான ஆங்கிலப் பெயரின் முதல் இரண்டு எழுத்துகள்தான் அந்த ஐ.பி. ஒரு காலத்தில் அந்த நோட்டீஸ் மஞ்சள் தாளில் வருமாம், அதனால்தான் மஞ்சள் கடுதாசி என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இந்தச் சொற்கள் எல்லாமே கடன் கொடுத்து ஏமாந்தவன் வாயிலிருந்து வந்தவை. கடன் வாங்கி மூழ்கியவன் பக்கத்திலிருந்து ஒரு சொல்கூட இல்லை.

அவன் பக்கத்திலிருந்து பார்த்தால் கேள்வி எளிமையானது. கையில் காசே இல்லை என்று கோர்ட்டில் நிரூபிக்க ஒரு வக்கீல் வேண்டும். அந்த வக்கீலுக்குக் கொடுக்கக் காசு வேண்டும். இந்த முடிச்சு நம் ஊர் பெரிய மார்க்கெட்டில் முந்நூறு வருடமாக எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

புதுச்சேரிக்கு வராதவர்களுக்காக: பெரிய மார்க்கெட் என்பது நேரு வீதியை ஒட்டி இருக்கும் பழைய சந்தை. நேரு வீதி பிரெஞ்சுக்காரர் காலத்தில் துப்ளெக்ஸ் வீதி. காய்கறி, பூ, மீன், மளிகை, நாட்டு மருந்து, பாத்திரம் எல்லாம் ஒரே கூரைக்கடியில். அரசாங்கப் பெயர் குபேர் மார்க்கெட். எதுவார் குபேர் 1963இல் புதுச்சேரியின் முதல் முதலமைச்சர் ஆனவர். பிரெஞ்சு உச்சரிப்பு தமிழில் அப்படி விழுந்ததால், செல்வத்தின் கடவுள் பெயரிலேயே சந்தை நடப்பது போல் ஆகிவிட்டது. ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் குபேரனைவிட தண்டல்காரர்தான் அதிகம் தென்படுவார்.

தண்டல் தெரியாதவர்கள் இருக்கமாட்டீர்கள். இருந்தாலும் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 10,000 ரூபாய் கடன் என்று பெயர். கையில் கிடைப்பது 8,500. தினமும் 100 ரூபாய், 100 நாள். கேட்க ஒன்றும் பெரிதாகத் தெரியாது. ஆனால் அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதால், ஆண்டு வட்டியாகக் கணக்குப் போட்டால் 100 சதவீதத்தைத் தாண்டிவிடும். இரண்டு நாள் மழை, ஒரு நாள் பந்த், வீட்டில் ஒரு ஆஸ்பத்திரிச் செலவு, அவ்வளவுதான். முதல் தண்டலை அடைக்க இரண்டாவது தண்டல் வரும். சிறு கடைக்காரர் திவாலாவது ஒரே நாளில் நடப்பதில்லை.

சரி, வரலாற்றுக்கு வருவோம். புதுச்சேரியின் ஆரம்பகாலப் பெரிய கடனாளி யார் தெரியுமா? எந்தச் செட்டியாரும் இல்லை, பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியேதான். 1664இல் ஆரம்பித்த கம்பெனி, சூரத் வியாபாரிகளிடம் வாங்கிய கடனைக் கட்ட முடியாமல் திண்டாடியது. சூரத் துறைமுகத்துக்குப் போனால் கடன்காரர்கள் கப்பலைப் பிடித்துவிடுவார்களோ என்று பயப்படும் நிலை. 1708 வாக்கில் கம்பெனி தன் வாணிப உரிமையை சேன்-மாலோ ஊர் வியாபாரிகளிடம் விட்டுக்கொடுத்துக் காலம் தள்ளியது. இவ்வளவு கடன் வைத்திருந்தும் கம்பெனி தலையில் யாரும் துண்டு போடவில்லை. அதற்கு ராஜா இருந்தார்.

ராஜா இல்லாதவன் கதி என்ன என்பதற்கு அதே காலத்து உதாரணம் நயினியப்பப் பிள்ளை. கம்பெனியின் தலைமைத் தரகர். 1716இல் கவர்னர் எபேர் அவரைக் கைது செய்து, சொத்தைப் பறித்து, சந்தையில் சாட்டையடி கொடுத்துச் சிறையில் போட்டார். 1717இல் சிறையிலேயே இறந்தார். அவருக்காக வாதாட இங்கே ஆளில்லை. அவர் மகன் குருவப்பப் பிள்ளை கடல் தாண்டிப் பாரீஸுக்கே போய்த்தான் நியாயம் தேட வேண்டியிருந்தது. குடும்பத்தின் மானம் திரும்பக் கிடைத்தது, ஆனால் அப்பா போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆன பிறகு. இந்த நயினியப்பர் யார் என்றால், நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் உறவினர். பிள்ளையின் வீடு இன்றும் மார்க்கெட்டுக்கு அருகில் ரங்கப்பிள்ளை வீதியில் இருக்கிறது.

சாதாரண மக்களின் பணத்தகராறுகளுக்கு அப்போது சாவடி என்ற நீதிமன்றம் இருந்தது. தமிழில் பேசலாம், வழக்கப்படி தீர்ப்பு. வக்கீல் என்ற தனித் தொழில் அங்கே பெரிதாகத் தேவைப்படவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இது மாறியது. 1819 ஜனவரி 6ஆம் தேதி ஆணையால் பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகள் புதுச்சேரியில் அமலுக்கு வந்தன. கல்யாணம், சொத்துரிமை போன்றவற்றில் இந்தியர்களுக்கு அவரவர் வழக்கமே சட்டம் என்று விட்டார்கள். வியாபாரம் என்றால் பிரெஞ்சு வணிகச் சட்டம்.

இந்தச் சட்டத்தில் திவாலுக்குப் பெயர் ஃபாயீத். அதில் ஒரு விசித்திரம். அது வியாபாரிகளுக்கு மட்டும்தான். விவசாயியோ கூலிக்காரரோ கடனில் மூழ்கினால் அவருக்கு ஃபாயீத் கிடையாது. முந்திக்கொண்ட கடன்காரன் பிடுங்கிக்கொள்வான். இதைச் சந்தைக்குள் வைத்துப் பாருங்கள். கத்தரிக்காயை மொத்தமாக வாங்கி விற்பவர் வியாபாரி. பக்கத்திலேயே உட்கார்ந்து, தன் நிலத்தில் விளைந்த கத்தரிக்காயை விற்பவர் சட்டத்தின் கண்ணில் வியாபாரி இல்லை. இருவருக்கும் ஒரே தராசு, ஒரே விலை, ஒரே தண்டல். கடை மூழ்கும்போது மட்டும் வேறு வேறு சட்டம்!

வியாபாரி என்று ஆனாலும் சுலபம் இல்லை. கொடுக்க வேண்டிய பணத்தைக் கொடுக்க முடியாமல் நின்ற மூன்று நாளைக்குள் அவரே கோர்ட்டுக்குப் போய் வரவு செலவு நிலையை எழுதிக் கொடுக்க வேண்டும். சட்டம் கேட்ட முறையில் கணக்குப் புத்தகம் இருக்க வேண்டும், அதில் பக்கத்துக்குப் பக்கம் அதிகாரியின் கையெழுத்து வேண்டும். நம் ஆட்களிடம் இருந்தது நாள்வழியும் பேரேடும். புத்தகம் ஒழுங்காக இல்லாவிட்டால் வெறும் நஷ்டம் குற்றமாகவே மாறிவிடலாம். திவாலானவர் சொத்தைக் கவனிக்க சிண்டிக் என்று ஒருவரைப் போடுவார்கள். அவர் கடன்காரனுக்கு வரும் தபாலைக்கூட வாங்கிப் பிரித்துப் பார்க்கலாம். ஓட்டுரிமையும் போகும்.

இதே சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு பிரிவும் உண்டு. பிரான்சில் 1838இல் திருத்தி எழுதியபோது சேர்த்தது. திவாலானவரிடம் ஆரம்பக் கோர்ட் செலவுக்கே பணம் இல்லையென்றால், அரசாங்கக் கஜானா அதை முன்பணமாகக் கொடுக்கும். அதாவது, ஒன்றுமில்லாதவனிடம் ஃபீஸ் கேட்பது அபத்தம் என்பது அந்தக் காலத்திலேயே ஒருவருக்கு உறைத்திருக்கிறது. 1851இல் ஏழைகளுக்கு இலவச சட்ட உதவி தரும் சட்டமும், 1867இல் கடனுக்காகச் சிறையில் போடுவதை நிறுத்தும் சட்டமும் பிரான்சில் வந்தன. 1889இல் நேர்மையான வியாபாரிக்கு ஃபாயீத் என்ற களங்கம் இல்லாமல் கடையைக் கணக்குத் தீர்க்க ஒரு மென்மையான வழியும் வந்தது. தாளில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் வக்கீல்? கோர்ட் மொழி பிரெஞ்சு. இங்கே வாதாட அனுமதி பெற்ற உள்ளூர் வழக்கறிஞர்களை கோன்செய் அக்ரெயே என்றார்கள். 1838இல் சட்டப் பள்ளி ஒன்றும் ஆரம்பித்தார்கள். பிரெஞ்சு படித்து, தேர்வு எழுதி அந்த நிலைக்கு வந்த தமிழர்கள் ஒரு சிறு கூட்டம். அவர்களையே கோர்ட் எப்படி நடத்தியது என்பதற்கு பொன்னுத்தம்பிப் பிள்ளை கதை போதும். 1873இல் அவர் ஐரோப்பியர் போல ஷூ போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குள் வந்தார். நீதிபதி அதைக் குற்றமாக எடுத்துத் தண்டித்தார். பொன்னுத்தம்பி விடவில்லை, பாரீஸின் உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்தார். பிறகு 1881 ஆணைப்படி இந்து வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்களில் முன்னணியில் நின்று, லாப்போர்த் என்று குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார். வக்கீலுக்கே ஷூவோடு நுழைய பாரீஸ் வரை போக வேண்டியிருந்த கோர்ட்டில், மீன்கூடையோடு சந்தையில் உட்கார்ந்திருந்தவர் எந்தத் தைரியத்தில் நுழைந்திருப்பார்?

ஏழை வியாபாரிகள் பலர் எந்த ஊரிலும் செய்த காரியம் ஒன்று உண்டு: ஓடிப்போவது. வங்காளத்தில் கல்கத்தா கடனாளிகள் ஆற்றைக் கடந்து டேனிஷ்காரர் வைத்திருந்த செராம்பூருக்குப் போய்விடுவார்கள். அங்கே ஆங்கிலேயக் கோர்ட்டின் வாரண்ட் செல்லாது. வேறு கொடி பறக்கும் ஊர் என்றால் அதற்கு இப்படி ஒரு பயன். 1908இல் பாரதியார் புதுச்சேரிக்கு வந்தது அரசியல் வாரண்டுக்குத் தப்பித்தான், கடனுக்காக அல்ல. வந்த இடத்தில் கடன் சேர்ந்தது வேறு விஷயம். அவருடைய வீட்டுக்காரரை விளக்கெண்ணெய்ச் செட்டியார் என்பார்கள். வாடகை கேட்க வந்து, பாட்டைக் கேட்டுவிட்டு, வாடகையைக் கேட்காமலே போய்விடுவாராம். எல்லாக் கடன்காரரும் அப்படி இருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை.

எல்லைக்கு அந்தப் பக்கம், சென்னை மாகாணத்தில், வேறு கதை ஓடிக்கொண்டிருந்தது. ஆங்கிலேயச் சட்டம் வியாபாரி, வியாபாரி அல்லாதவர் என்று பிரிக்கவில்லை. சென்னை, பம்பாய், கல்கத்தா நகரங்களுக்கு 1848இல் ஒரு திவால் சட்டம், பிறகு 1909இல் புதிய சட்டம். மற்ற ஊர்களுக்கு 1920இல் மாகாண நொடிப்புச் சட்டம். நடுவில் 1906 அக்டோபர் 22ஆம் தேதி சென்னையின் அர்பத்நாட் கம்பெனி கவிழ்ந்தது. ஆயிரக்கணக்கானவர்களின் சேமிப்பு போனது. தனித்தனியாகப் போனால் ஒருவராலும் வக்கீல் வைக்க முடியாது. பணம் போட்டவர்கள் சேர்ந்து நின்றார்கள், வி.கிருஷ்ணசாமி ஐயர் அவர்கள் பக்கம் வாதாடினார். சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல். கிருஷ்ணசாமி ஐயர் முன்கை எடுக்க, 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது. கவனியுங்கள், இங்கே வக்கீல் கிடைத்தது கடன் கொடுத்தவர்களுக்கு.

அதே மாகாணத்தில் ராஜாஜி அரசு 1938இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டு வந்தது. கடலூர் விவசாயிக்கு வட்டி குறைந்தது. சில மைல் தள்ளி பாகூர் விவசாயிக்கு ஒன்றுமில்லை, அவர் பிரெஞ்சு மண்ணில் இருந்தார்.

1954 நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16. அப்பீல் பாரீஸுக்குப் பதில் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போகத் தொடங்கியது. 1963இலும் 1968இலும் வந்த சட்டங்கள் இந்தியச் சட்டங்களைக் கொத்தாக இங்கே இறக்கின. ஃபாயீத் போய், ஐ.பி. வந்தது. இன்றைக்குப் பெரிய மார்க்கெட் கடைக்காரர் ஒருவர் திவால் மனு போட வேண்டுமானால் அந்த 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்தான்.

அதைப் படித்தால் பழைய நாணயப் பெட்டியைத் திறந்தது போல இருக்கும். கடன் 500 ரூபாய் இருந்தால் மனு போடலாம். 1920இல் 500 ரூபாய் பெரிய தொகை, இப்போது ஒரு கூடை மீன் அந்த விலை தாண்டும். கடை ஆட்களின் சம்பள பாக்கிக்கு முன்னுரிமை உண்டு, ஆனால் ஆளுக்கு 20 ரூபாய் வரைதான். விடுதலை பெறாத திவாலானவர், தன் நிலையைச் சொல்லாமல் 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கினால் குற்றம், ஆறு மாதம் வரை சிறை. (நாலு டீ, நாலு வடை கடன் சொன்னாலே வம்பு!) ரூபாய்க்கு எட்டணா தேறாவிட்டால், அது தன் தப்பால் ஆனதல்ல என்று அவர் நிரூபிக்க வேண்டும். இல்லையென்றால் முழு விடுதலை கிடைக்காது. மனைவி பேரில் மச்சான் பேரில் சும்மா எழுதி வைத்த சொத்தாக இருந்தால், இரண்டு வருடத்துக்குள் எழுதியது செல்லாமல் போகலாம். இந்தக் கடைசி விதி நியாயமானது. மஞ்சள் கடுதாசிக்குக் கெட்ட பேர் வாங்கிக் கொடுத்ததே அந்த மச்சான் வேலைகள்தான்.

இதெல்லாம் எதற்கு, கடன் கட்ட முடியவில்லை என்றால் என்ன செய்துவிடுவார்கள் என்று கேட்கலாம். பணத் தீர்ப்பு ஆகிவிட்டால் சிவில் சிறை இன்னும் சட்டத்தில் இருக்கிறது. 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் மூன்று மாதம் வரை. உள்ளே இருப்பவரின் சாப்பாட்டுச் செலவை உள்ளே போட்டவர்தான் கட்ட வேண்டும். உள்ளே இருந்து வந்தாலும் கடன் தீராது. ஆனால் 1980இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: இல்லாமையால் கட்டாதவனைச் சிறையில் தள்ளக்கூடாது, இருந்தும் ஏமாற்றுகிறான் என்று தெரிந்தால்தான் முடியும். பெண்களைப் பணத் தீர்ப்புக்காகக் கைது செய்யவே கூடாது. ஜப்தியிலும் எல்லை உண்டு: உடுதுணி, சமையல் பாத்திரம், பாய் படுக்கை, கைத்தொழில் செய்பவரின் கருவிகள், தாலி போன்ற கழற்றக்கூடாத நகை ஆகியவற்றைத் தொடக்கூடாது. மார்க்கெட்டில் மிரட்டுபவர்கள் முதலில் கை வைப்பது பெரும்பாலும் இதில்தான். ஒரு வக்கீல் ஒரு வரி எழுதினால் நிற்கக்கூடிய மிரட்டல்.

ஆனால் அந்த வக்கீலை எப்படிக் கண்டுபிடிப்பது? இந்தியாவில் வக்கீல் விளம்பரம் செய்யக்கூடாது. பார் கவுன்சில் விதி. 2008க்குப் பிறகு இணையத்தில் பெயர், முகவரி, எந்தத் துறை போன்ற விவரங்கள் மட்டும் போடலாம் என்று சிறிது தளர்த்தினார்கள். "ஜெயித்தால் எனக்குப் பத்து சதவீதம் கொடு" என்று ஒப்பந்தம் போடுவதும் தடை. இரண்டும் நல்ல நோக்கத்தில் வைத்தவை. ஆனால் விளைவு என்ன? கையில் முன்பணம் இல்லாதவருக்கு ஒரு வழி அடைபடுகிறது. யார் எந்த வழக்கு எடுப்பார் என்பது வாய்மொழியில்தான் தெரியும். கணக்கு எழுதுபவர், பத்திரம் எழுதுபவர், வக்கீல் குமாஸ்தா, இவர்கள்தான் வழிகாட்டிகள். திவால் வழக்கு வேறு அரிது. எல்லா வக்கீலும் எடுப்பதில்லை. அமெரிக்காவில் 1977 முதல் வக்கீல்கள் விளம்பரம் செய்யலாம். அங்கேயும் திவால் வக்கீல் ஃபீஸை முன்னதாகவே வாங்கிவிடுவார். ஏன் என்றால், பாக்கி வைத்தால் மற்றக் கடன்களோடு அவர் ஃபீஸும் தள்ளுபடியாகிவிடும்! திவாலாவதற்காகக் காசு சேர்க்கும் மனிதர்கள் அங்கேயும் இருக்கிறார்கள்.

2016இல் வந்த புதிய திவால் சட்டத்தில் ஏழைகளுக்கென்றே ஒரு நல்ல பகுதி இருக்கிறது. ஆண்டு வருமானம் 60,000க்குள், சொத்து 20,000க்குள், கடன் 35,000க்குள் இருந்தால் கடனைத் துடைத்துப் புதிதாக ஆரம்பிக்கலாம். மார்க்கெட் வாசலில் பூ விற்பவருக்காகவே எழுதியது போல இருக்கிறது. ஆனால் தனிநபர்களுக்கான அந்தப் பாகத்தை 2019 டிசம்பரில் கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டும்தான் அமலாக்கினார்கள். பூக்காரருக்கு இன்னும் வரவில்லை. வந்தாலும் போக வேண்டியது கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்கு. சுற்றுவட்டாரத்தில் அவை சென்னை, கோவை, மதுரையில் இருக்கின்றன. பஸ் செலவு, ஒரு நாள் வியாபாரம், வெளியூர் வக்கீல்.

நாம் கைவிட்ட பிரெஞ்சுக்காரர்கள் பிறகு என்ன செய்தார்கள் என்று தேடியபோது கொஞ்சம் பொறாமையாக இருந்தது. 1989 டிசம்பரில், வியாபாரி அல்லாத சாதாரணக் கடனாளிகளுக்காக ஒரு சட்டம் போட்டார்கள். மாவட்டத்துக்கு மாவட்டம் ஒரு குழு, வேலையைக் கவனிப்பது அந்நாட்டின் மத்திய வங்கி. படிவம் நிரப்பிக் கொடுக்க வேண்டும், வக்கீல் தேவையில்லை, கட்டணம் இல்லை. புதுச்சேரியிலிருந்து போய்க் குடியேறிய நம் பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர்கள் அங்கே கடனில் மாட்டினால் இந்தக் கதவைத் தட்டலாம். அவர்களுடைய சொந்தக்காரர் இங்கே பெரிய மார்க்கெட்டில் மாட்டினால் 1920க்குத்தான் போக வேண்டும்.

இங்கே கதவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 1976இல் அரசியல் சட்டத்தில் இலவச சட்ட உதவி சேர்ந்தது. 1987இல் போட்ட சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1995 நவம்பர் 9 முதல் நடைமுறையில் இருக்கிறது. புதுச்சேரிக்கும் தனி ஆணையம் உண்டு. வருமான வரம்புக்குள் இருப்பவர்களுக்கு அரசு செலவில் வக்கீல் போடுவார்கள், சிவில் வழக்குக்கும் உண்டு. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், எல்லாப் பெண்கள் ஆகியோருக்கு வருமான வரம்பே கிடையாது. மீன் பகுதியில் உட்கார்ந்திருக்கும் அம்மாவானாலும் சரி, பூக்கடை அக்காவானாலும் சரி, வருமானச் சான்றிதழ் தேடி அலைய வேண்டியதில்லை. தேசிய உதவி எண் 15100. தண்டல்காரர் நோட்டில் அந்த எண் இருக்காது, அடுத்த முறை காய் வாங்கப் போகும்போது நாம் சொல்லலாம்.